மக்காவுக்குப் போட்ட ஊசி

என் மாமியின் முகத்தை நான் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய குரல் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். சாய்ந்தமருதில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் இருந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மாமி பின்பக்கத்து இரண்டு அறைகளில் இருந்துகொண்டார். மருமகனோடு நேருக்கு நேர் நின்று கதைப்பது மரியாதையில்லை என்று பழகியவர். எதைச் சொல்ல வேண்டுமென்றாலும் நடுக்கதவுச் சீலைக்குப் பின்னால் வந்து நின்று, "மகள், அவருக்குச் செல்லுங்க" என்று தொடங்குவார். மகள் அந்த நேரம் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள். சில நாட்களில் வீட்டிலேயே இருக்க மாட்டாள். அப்போதும் "மகள், அவருக்குச் செல்லுங்க"தான். நானும் என் பங்குக்கு, "மாமிக்கிட்டச் செல்லுங்க, சரியாம்" என்று சீலையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போவேன்.

கடை என்றால் பாமசி, மருந்துக்கடை. மெயின் வீதியில் பத்து வருடத்துக்கு மேலாக நடத்துகிறேன். அங்கே என் வாய்க்குப் பூட்டில்லை. தடிமனுக்கு, வெறும் சளிக்கு, அன்டிபயோட்டிக் கேட்டு வருகிறவர்களை ஏசித் திருப்பி அனுப்புவேன். "காசு நான்தானே தாறன், உங்களுக்கென்ன?" என்பார்கள். "கிருமி வேற, வைரஸ் வேற, இந்தக் குளிசை அதுக்கு ஒண்டும் செய்யாது, போய்ப் படுங்க" என்பேன். ஊருக்குள் எனக்குக் கோபக்காரப் பாமசிக்காரன் என்று பெயர். அந்தக் கோபக்காரன் வீட்டுக்கு வந்தால் ஒரு சீலைத் துண்டுக்கு முன்னால் வாய் பொத்தி நிற்பான் என்பது ஊருக்குத் தெரியாது.

இப்போது அந்தச் சீலைக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. மாமி மவுத்தாகி இரண்டு மாரி போய்விட்டது. இருதயம்தான் காரணம், நான் சொல்லப்போகும் காய்ச்சல் இல்லை. ஆனால் மழை தொடங்கிக் கடையில் இருமல் சத்தம் கேட்கத் தொடங்கினால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார்.

மாமியின் தொழில் என்ன என்று யாராவது கேட்டால், வருத்தம் பார்க்கப் போவது என்றுதான் சொல்வேன். ஊரில் எந்த வீட்டில் எந்தப் பெண் படுத்தாலும், எந்தப் பிள்ளைக்கு உடம்பு சுட்டாலும், பொழுது சாய்வதற்குள் மாமி அங்கே நிற்பார். கையில் ஒரு பை. பைக்குள் தோடம்பழம், போத்தலில் கொத்தமல்லி அவித்த தண்ணீர், ஒரு சின்னத் துவாய். அவருக்குச் செய்தி எப்படிப் போகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பித்தப்பைக் கல்லை ஒருவருக்கும் சொல்லாமல் கண்டியில் போய் எடுத்துவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்த ஆசிரியை ஒருவர், கண் விழித்துப் பார்த்தபோது கட்டில் விளிம்பில் மாமி தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாராம். அந்த ஆசிரியையே என் கடைக்கு வந்து சொல்லிச் சிரித்தார்.

போனால், போட்டுக் கொடுக்கும் கதிரையில் உட்கார மாட்டார். "வருத்தக்காரிக்குப் பக்கத்தில கட்டில்லதான் இரிக்கணும், கதிரையில இரிக்கிறவ விசாரணைக்கு வந்தவ" என்பார். உள்ளங்கையை நெற்றியில் வைப்பார், பிறகு கன்னத்தில் வைப்பார். கொஞ்சம் கஞ்சியை வாயில் ஊட்டுவார். கடைசியில் கண்ணை மூடி சூறத்துல் பாத்திஹா ஓதி, முகத்தில் மெதுவாக மூன்று தரம் ஊதுவார். அவர் ஊதினால் காய்ச்சல் இறங்கும் என்று நம்பிய பெண்கள் எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். மாமி அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. "குணமாக்குறவன் அல்லாஹ். நான் போறது அந்தப் புள்ள தனியக் கிடக்கக் கூடாது எண்டு" என்பார்.

தனியக் கிடக்கக் கூடாது. இந்தச் சொல் அவர் வாயில் எப்போது ஏறியது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கொரோனா வருடத்தில் அவருடைய ஒரே தம்பி கொழும்பில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒருவரையும் பக்கத்தில் விடவில்லை. மவுத்தான செய்தி தொலைபேசியில் வந்தது. மையத்தை, அவருடைய உடலை, தரவில்லை, அடக்க விடாமல் எரித்துவிட்டார்கள். குளிப்பாட்டவும் இல்லை, கபன் துணி சுற்றவும் இல்லை. அன்றைக்கு மாமி அழுததை நான் சீலைக்கு இந்தப் பக்கம் இருந்துதான் கேட்டேன். சத்தம் போட்டு அழவில்லை. "ஒரு வாய் தண்ணி குடுக்க ஒருத்தரும் இல்லையே" என்று ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். வழிகள் திறந்ததும் பையைத் தூக்கினார், பிறகு கீழே வைக்கவேயில்லை.

அதற்குப் பிறகு சில வருடங்களில் மக்காவுக்கு உம்றா போனார். போகிற குழுவில் எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். அதில் ஒன்று இன்புளுவென்சா ஊசி. எங்கள் ஊரில் மக்காவிலிருந்து ஒருவர் வந்தால் வீடு நிறையச் சனம் வரும். கட்டிப்பிடித்து, கைகொடுத்து முஸாபஹா செய்து, ஒரே கிண்ணத்தில் ஸம்ஸம் தண்ணீர் குடித்து, பேரீச்சம்பழம் தின்றுவிட்டுப் போவார்கள். வந்தவர்கள் இருமிக்கொண்டேதான் ஸம்ஸம் ஊற்றுவார்கள். அந்தக் குழுவில் போய் வந்தவர்களில் அரைவாசிப் பேர் கிழமைக் கணக்கில் இருமினார்கள், ஸம்ஸம் குடித்தவர்களும் பிறகு இருமினார்கள். மாமிக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஊசி தன் வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான். மாமி அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டார். மக்காவுக்கென்று நிய்யத்து வைத்துப் போட்ட ஊசி, அதற்கு மேல் ஸம்ஸமும் குடித்தாயிற்று, இனி என்ன வரும் என்று அவருக்கு ஒரு தைரியம். முன்பு வருத்த வீடுகளில் மாஸ்க் போட்டவர், அதற்குப் பிறகு அதையும் விட்டுவிட்டார்.

என் மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது, மாரி தொடங்குமுன்னே வீட்டில் எல்லோருக்கும் ஊசி எடுத்து வந்தேன். மனைவி போட்டுக்கொண்டாள். தாய்க்குப் போட்டால் வயிற்றுப் பிள்ளைக்கும் கொஞ்சம் பாதுகாப்புப் போகும் என்று டொக்டரும் சொல்லியிருந்தார். நானும் போட்டுக்கொண்டேன். மாமியின் முறை வந்தது.

"மகள், அவருக்குச் செல்லுங்க, எனக்கு மக்காவுக்குப் போட்ட ஊசி இரிக்கி."

சீலையைப் பார்த்து நான் பெரிய பாடமே எடுத்தேன். இந்த வைரஸ் வருடத்துக்கு வருடம் கோலம் மாறி வரும், மருதமுனைத் தறிகளில் பெருநாளுக்குப் பெருநாள் சாரியின் கரையை மாற்றுகிற மாதிரி. போன ஊசி பழைய கரையைத்தான் அடையாளம் வைத்திருக்கும். போட்ட ஊசியின் பலமும் மாதங்களில் குறைந்துகொண்டு போகும். அதனால்தான் ஒவ்வொரு வருடமும் புது ஊசி. சாதாரணத் தடிமனுக்கு இது இல்லை, ஆளைப் படுக்கையில் போட்டு நெஞ்சுக்குள் இறங்குகிறதே, அதற்குத்தான். சரி, விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"மகள், அவருக்கிட்டக் கேளுங்க, கரை மாறின எண்டா பழய சாரிய வீசிப்போட்டா போறம்?"

குசினியில் என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஊசியைக் கடையில் வேறு ஒருவருக்குக் கொடுத்தேன்.

பிள்ளை குறைமாதத்தில் பிறந்தது. கையில் எடுத்தால் ஒரு துவாயை எடுத்த பாரம்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, ஒருவழியாக நிறை ஏறி வீட்டுக்கு வந்தபோது டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பாமசிக்காரனுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் சொல்கிறேன் என்றார். ஆறு மாதம் ஆகும்வரை பிள்ளைக்கு இந்த ஊசி போட முடியாது. பிள்ளையின் நெஞ்சு இன்னும் முற்றவில்லை. சுற்றியிருக்கிறவர்களிடம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரே வழி. அன்றிலிருந்து நான் கடையால் வந்தால் கிணற்றடியில் குளித்து, உடுப்பு மாற்றி, மாஸ்க்கும் போட்டுத்தான் அறைக்குள் போவேன். கல்யாண வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

மாமி ஒவ்வொரு நாளும் மஃரிப் தொழுதுவிட்டுப் பிள்ளையிடம் வருவார். நான் அறையில் இருந்தால் வெளியே போய்விடுவேன். குல் சூறாக்களை ஓதி, தலையிலிருந்து கால்வரை ஊதுவார். ஊதும்போது பிள்ளை கண்ணைச் சுருக்கி வாயைக் கோணுமாம். அதைப் பார்த்து மாமி சிரிப்பது வெளியே கேட்கும். ஒரு நாளில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சிரிப்பைக் கேட்க வேண்டுமென்றே கடையை முந்திப் பூட்டிய நாட்கள் உண்டு.

அந்த மாரி பொல்லாத மாரி. கடையில் விடிந்ததிலிருந்து ஒரே கூட்டம். முதல் நாள் ஒருவர் வருவார், அடுத்த நாள் அவருடைய மனைவி வருவார், அதற்கடுத்த நாள் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். எல்லோருக்கும் ஒரே கதை: திடீரென்று காய்ச்சல், எலும்பெல்லாம் உளைச்சல், வறட்டு இருமல். இது தடிமன் இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன், இந்த மழை ஓயும்வரை உம்மா எந்த வருத்த வீட்டுக்கும் போக வேண்டாம் என்று சொல்லு.

"நீங்களே செல்லுங்களன். உங்கட வாய்க்கு ஊரே பயம்" என்றாள்.

என்னால் முடியவில்லை. வீடு அவருடையது, பிள்ளைக்கு இரவு பகல் பார்ப்பது அவர், நான் வந்து ஏறியவன். கடைசியில் மனைவிதான் சொன்னாள். எப்படிச் சொன்னாளோ, எவ்வளவு தேன் தடவிச் சொன்னாளோ தெரியாது. மாமி சரி என்றாராம். பை ஆணியில் தொங்கியது. நானும் நிம்மதியாகக் கடைக்குப் போய் வந்தேன்.

ஒரு பின்னேரம் எங்கள் முன்வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். மகளுக்கு இன்புளுவென்சா என்று டொக்டர் எழுதிய துண்டை நீட்டினார். மருந்தை எடுத்துக் கொடுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். உங்கட மாமிக்கு அல்லாஹ் பெரிய கூலி கொடுப்பான், நேற்று முன்தினம் பின்வாசலால் வந்து பிள்ளையின் கட்டிலில் இருந்து ஓதிவிட்டுப் போனார், இன்றைக்குத்தான் பிள்ளை கஞ்சி குடிக்கிறது என்றார்.

நேற்று முன்தினம். இந்த வைரஸ் ஒருவருக்குள் போய்க் காய்ச்சலாக வெளியே தெரிய எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை நான் கடையில் நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். நேற்று முன்தினம் ஏறியிருந்தால் இன்றைக்கும் நாளைக்கும்தான் அதன் நேரம். கடையைப் பூட்டினேனா, வெறுமனே சாத்தினேனா என்பதுகூட நினைவில்லை. மழைக்குள் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்தேன். பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது.

நான் உள்ளே ஏறியபோது மாமி தொழுகை முடித்து, வெள்ளை முக்காட்டோடு அறையை நோக்கி வந்துகொண்டிருந்தார். நான் போய்க் கதவு நிலையில் நின்றேன். ஈரத்தோடு, மாஸ்க்கோடு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

"மாமி, உள்ளுக்குப் போகாதீங்க."

அவர் திகைத்துப்போய் அங்குமிங்கும் பார்த்தார். நடுவில் சீலை இல்லை. "மகள், அவருக்குச் செல்லுங்க, நான் வுழு எடுத்துச் சுத்தமா நிக்கிறன்" என்றார்.

"நான் உங்களோடதான் கதைக்கிறன் மாமி. முன்வீட்டுக்குப் போனதாம்."

மறுக்கவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனுசி. "அந்தப் புள்ள அனத்தின சத்தம் இஞ்ச கேட்டிச்சி. எப்படி இரிக்க ஏலும்? எனக்குக் காய்ச்சல் இரிக்கா, தொட்டுப் பாருங்க. ஒரு தும்மல் கூட இல்ல."

"காய்ச்சல் வாறதுக்கு ஒரு நாள் முந்தியே மூச்சில வரும் மாமி. இப்ப உங்கட மூச்சில இரிக்கா இல்லையா எண்டு உங்களுக்கும் தெரியா, எனக்கும் தெரியா."

"ஓதுறதையா மறிக்கிறீங்க?"

"ஓதுறத மறிக்கல்ல. ஊதுறதத்தான்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு என் காதே கூசியது. மாமியின் முகத்தை அன்றைக்குத்தான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன்.

"கொரோனால எங்களுக்குச் செஞ்சத நீங்க ஊட்டுக்குள்ளயே செய்றீங்க, மருமகன்."

என் கை இறங்கிவிட்டது. உண்மையாகவே இறங்கிவிட்டது. அவர் கேட்டது அந்தத் தம்பியின் பெயரால். இன்னும் ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் விலகி வழி விட்டிருப்பேன். அப்போதுதான் எனக்குப் பின்னால் கதவு அசைந்தது. உள்ளே பிள்ளையோடு இருந்த என் மனைவி, எங்கள் இருவரையும் பார்க்காமல் கதவைச் சாத்தினாள். கொண்டி விழுந்த சத்தம் கேட்டது.

மாமி நான் நிற்பதையே பொருட்படுத்தாமல், மூடிய கதவுக்கு முன்னால் கையேந்தி, ஒவ்வொரு நாளும் ஓதுவதை ஓதினார். முடித்ததும் அந்தப் பலகையின்மேல் மூன்று தரம் ஊதினார். பின்பக்கம் போய்ப் படுத்துவிட்டார்.

அடுத்த நாள் பகல் வீடு வீடாக இருக்கவில்லை. மனைவி என்னோடு கதைக்கவில்லை. மாமி தேத்தண்ணியும் குடிக்கவில்லை. ஒரு தும்மல் சத்தமும் இல்லை. பத்து வருடம் மதித்து வைத்திருந்த ஒரு மனுசியை வீணாக நோகடித்துவிட்டோமோ என்று எனக்குள் ஒரே அரிப்பு. அவருக்குக் காய்ச்சல் வரக்கூடாது என்று மனம் கேட்டது. வராவிட்டால் நான் அநியாயக்காரன் என்பதும் தெரிந்தது.

பின்னேரத்து அசர் தொழுகைக்கு மாமி எழும்பவில்லை. மனைவி போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. மூச்சு இழுத்தது. நான் போய் நின்றபோது மாமி தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வெட்கத்தில் திருப்புகிறார் என்று நினைத்தேன். "கிட்ட வராதீங்க" என்றார்.

ஓட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிள்ளையைத் தூக்கிய மனைவியின் முகம் மாறியது. காலையிலிருந்து பிள்ளை சரியாகப் பால் குடிக்கவில்லை, மூக்கு அடைத்த மாதிரி சத்தம் வருகிறது என்றாள். ஆக, ஒரே ஆஸ்பத்திரிக்கு இரண்டு ஓட்டோ போனது. மாமி பெண்கள் வார்ட்டில், பிள்ளை சிறுவர் வார்ட்டில். இருவருக்கும் மூக்குக்குள் குச்சி விட்டு எடுத்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அந்தக் குச்சியைக் கண்டாலே ஒரு பயம். மாமி தானாகவே முகத்தைக் காட்டினார். பிள்ளையின் சின்ன மூக்குக்குள் அது போனதை என்னால் பார்க்க முடியவில்லை.

முடிவு வரும்வரை நான் இரண்டு வார்ட்டுக்கும் நடுவில் இருந்த நடைபாதையில் நடந்தேன். கடையில் இருமுகிறவர்களுக்கெல்லாம் பயப்படாதீங்க என்று சொல்கிறவன், அன்றைக்கு ஒரு வாங்குப் பலகையில் குந்தியிருக்க முடியாமல் நடந்தேன். மாமியின் முடிவு முதலில் வந்தது: இன்புளுவென்சா. பிள்ளையின் முடிவு வந்தபோது தாதி மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கியது. பிள்ளைக்கு இல்லை. பால் மூக்கில் ஏறி அடைத்திருந்தது. ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். நான் நடைபாதையிலேயே குந்திவிட்டேன்.

மாமிக்கு நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. ஒட்சிசன் வைத்தார்கள். ஊருக்குச் செய்தி போக எவ்வளவு நேரம்? வார்ட் வாசலில் பெண்கள் கூட்டம். எல்லோர் கையிலும் தோடம்பழம். அந்தப் பித்தப்பை ஆசிரியையும் நின்றார். எங்கள் கட்டிலில் வந்து இருந்த மனுசியின் கட்டிலில் நாங்கள் போய் இருக்க வேண்டாமா என்று என்னோடு சண்டை பிடித்தார்கள். மாஸ்க்கோடு உள்ளே போய் மாமியிடமே கேட்டேன்.

"ஒருத்தரும் வரவேணாம் எண்டு செல்லுங்க" என்றார். "அவங்கட ஊட்டுலயும் புள்ளைகள் இரிக்கி."

மாமி அந்தச் சொல்லைச் சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். தோடம்பழங்களை வாங்கி மிஸ்ஸிமாருக்குக் கொடுத்துவிட்டு எல்லோரையும் அனுப்பினேன்.

அந்தக் கிழமையே இன்னொரு செய்தி வந்தது. கல்முனைக்குடியில் மாமியோடு பள்ளிக்கூடத்தில் படித்த கூட்டாளிப் பெண் ஒருவர் இருந்தார், இடுப்பெலும்பு உடைந்து மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவர், மூச்சிழுப்பு வருத்தமும் உண்டு. நான் கதவை மறித்த அன்று பகல், கடையில் இருந்த எனக்குத் தெரியாமல், மாமி அவரையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நெற்றியில் கை வைத்து, கஞ்சி ஊட்டி, ஓதி ஊதிவிட்டுத்தான். இரண்டு நாளில் அவருக்குக் காய்ச்சல் தொடங்கியதாம். மவுத்தாகிவிட்டார். மாமி போகாமல் விட்ட முதல் மவுத்து வீடு அது.

மறைக்க வழியில்லை. பக்கத்துக் கட்டில்காரியே சொல்லிவிட்டார். நான் போனபோது மாமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒட்சிசன் குழாய்க்குள்ளால் சத்தம் வந்தது.

"என்னாலயா, மகன்?"

மருமகன் என்று சொல்லவில்லை. இல்லை மாமி, அவருக்கு ஏற்கெனவே இழுப்பு, ஊரெல்லாம் இந்தக் காய்ச்சல், அந்த வீட்டுக்கு வேறு எத்தனையோ பேர் வந்து போயிருப்பார்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவையெல்லாம் உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அதையில்லை.

"தெரியா மாமி. ஒருத்தராலயும் செல்ல ஏலா" என்றேன்.

மாமி, "ஓம். அதுதான் சரி" என்றார். கொஞ்சம் கழித்து, "அண்டைக்குக் கதவடியில உங்கள மனசுக்குள்ள ஏசினன். மன்னிச்சுப் பொருந்திக்கோங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாஸ்க் நனைந்தது.

கதிரை ஒன்று இருந்தது. நான் கட்டிலில் இருந்தேன். அவருடைய நெற்றியில் கையை வைத்தேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. ஊரில் எத்தனையோ பேருக்கு ஓதியவருக்கு ஓத, மனைவி பிள்ளையோடு இருந்ததால், அன்றைக்கு ஊசி போட்டுக்கொண்ட நான் ஒருவன்தான் கிட்டப் போகக்கூடியவன். பாத்திஹா ஓதி முடித்து, பழக்கத்தில் ஊதிவிட்டேன். மாஸ்க்குக்குள் அந்த மூச்சு என் முகத்திலேயே சூடாகத் திரும்பி வந்தது. மாமி கண்ணை மூடியிருந்தார்.

மாமி பிழைத்து வந்தார். பாதியாய் மெலிந்திருந்தார். பிள்ளையின் அறைக்கு வெளியே கதிரை போட்டு இருந்து ஓதினார். டொக்டர் இனிக் கிட்டப் போகலாம் என்று சொன்ன பிறகும் பல நாட்கள் அப்படியேதான் இருந்தார். ஒரு நாள் சீலைக்குப் பின்னால் சத்தம் வந்தது: "மகள், அவருக்கிட்டக் கேளுங்க, வருத்தம் வந்து மாறினவங்களுக்கும் ஊசி போடலாமா?" போடலாம், வேறு வகையும் சுற்றுகிறது என்றேன். அடுத்த நாளே எங்கள் பக்கத்து மிஸ்ஸியை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். நான் நிற்கிறேன் என்பதால் மாமி வெளியே வரவில்லை, சீலைக்கு வெளியே கையை மட்டும் நீட்டினார். மிஸ்ஸி பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கேட்டார்.

"இது இந்த வருசத்து ஊசிதானே?"

மிஸ்ஸி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஊசி உடம்பில் பிடிக்க இரண்டு கிழமை ஆகும் என்று சொல்லியிருந்தேன். அதுவரை பை ஆணியிலேயே தொங்கியது. பிறகு ஒரு காலையில் சீலையை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். மாஸ்க் போட்டிருந்தார். "மகன், என்னக் கல்முனைக்குடிக்குக் கூட்டிப் போங்க" என்றார்.

கூட்டாளியின் வீட்டுக் கேற்றடியில் இறங்கியவர் உள்ளே ஏறவில்லை. கூட்டாளியின் மகள் ஓடி வந்தாள். மாமி கேற்றைப் பிடித்துக்கொண்டு, பாடமாக்கி வந்தவர் போலச் சொன்னார்.

"புள்ள, அண்டைக்கு எனக்குக் காய்ச்சல் இரிக்கல்ல. ஆனா உள்ளுக்கு இரிந்திரிக்கி. உங்கட உம்மாக்கு அது என்னாலயா எண்டு தெரியா. ஒருத்தராலயும் செல்ல ஏலாதாம். பொருந்திக்கோங்க."

அந்தப் பெண்ணுக்கும் அந்த எண்ணம் வந்திருக்கிறது என்பது முகத்தில் தெரிந்தது. நான் ஓட்டோவுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

"உம்மா கடைசியாச் சிரிச்சது நீங்க வந்த அண்டைக்குத்தான் மாமி" என்றாள்.

மாமியின் கையைக் கேற்றிலிருந்து எடுத்து, உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். யன்னலால் எனக்குத் தெரிந்தது. அவள் கதிரையை இழுத்துப் போடவில்லை. தாய் கிடந்த கட்டிலில் மாமியை இருத்தி, தானும் பக்கத்தில் இருந்தாள்.